சிலந்திக் கதைமேல் ஒரு புகார்

கட்டிய மனைவி சொன்ன கதைமேல் புகார் கொடுக்கப் பேட்டைத் தலைவர் வீட்டுப் படியேறிய ஆண்பிள்ளை, கானோ நகரக் கோட்டைக்குள் நமக்குத் தெரிந்து, தொப்பிக்காரர் கம்போ ஒருவர்தான். தொப்பிக்காரர் என்றால் விற்கிறவர் அல்ல, துவைக்கிறவர். பூவேலை செய்த தொப்பிகளை அலசி, கஞ்சி போட்டு, மர அச்சில் மாட்டி வெயிலில் விறைக்க வைத்துக் கொடுப்பார். ஆளும் தொழிலுக்கேற்ற ஆள்தான். சிரித்தால் மடிப்புக் கலைந்துவிடும் என்று பயந்தவர்போல நடப்பார்.

அவர் மனைவி லாராய்க்குக் கஞ்சியும் கிடையாது, மடிப்பும் கிடையாது. சாயங்காலத் தொழுகை முடிந்து கரண்ட் போகவேண்டியதுதான், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பாயும் கையுமாக அவள் முற்றத்துக்கு ஓடிவந்துவிடும். சிலந்தி கீஸோவின் கதை சொல்ல அவளை விட்டால் ஆளில்லை. கீஸோவைத் தெரியாதவர் யார்? வயிறு பெரிது, வேலை என்றால் கசப்பு, வாயில் ‘ச’ வராது. சோற்றைத் ‘தோறு’ என்பான். அந்தக் குரலை லாராய் எடுத்தால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கும் டேலுவுக்குக்கூடப் புரையேறும்.

டேலு பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள மண்சுவரில் ஒரு கட்டி பெயர்ந்த இடம் இருக்கிறது. அதைப் பூச மண் கிடைக்கவில்லை என்று ஆறு வருஷமாகச் சொல்லிவருகிறாள். ஒருநாள் காலை அந்த ஓட்டையில் அவள் முகம் தெரிந்தது.

“ஏண்டி லாராய், உன் வீட்டுக்காரர் கடை கிழக்கால இருக்கு. காலையில மேற்கால எங்க போறாரு?”

“காத்து வாங்கப் போவாரு அக்கா.”

“காத்து வாங்கப் போறவருக்கு அங்கிப்பை ஏன் புடைச்சிருக்கு? அத்தர் வேற மணக்குது. நான் ஒண்ணும் சொல்லல. என் வாய்க்கு அந்தப் பழக்கமே கிடையாது. ஆனா பொண்ணு பாக்கப் போற ஆம்பிளை நடை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். என் புருஷன் ரெண்டு தடவை நடந்திருக்காரு.”

கம்பங்கூழுக்குத் தொட்டுக்கொள்ளத் தினமும் அவள்தான் காராமணி வடை சுடுகிறாள். அவள் திரும்புவதற்குள் தட்டில் இரண்டு குறைகிறது. வெள்ளிக்கிழமை அங்கியைத் துவைக்கும்போது பையின் அடியில் எண்ணெய்க் கறை, சோப்புக்கும் போகாமல் நிற்கிறது. நாலு மாதமாக இந்தக் கூத்து. புருஷனை நேராகக் கேட்பது குடும்பப் பெண்ணுக்கு அழகா? அழகில்லை. அதற்குத்தானே கதை இருக்கிறது.

அன்று சாயங்காலமே சொன்னாள். கீஸோ தொழப்போவதாகச் சொல்லிவிட்டு, அங்கிப்பையில் வடையை ஒளித்துக்கொண்டு தினமும் நழுவுகிறான். பையிலிருந்து சொட்டிய எண்ணெயை மோப்பம் பிடித்து எறும்புகள் வரிசை கட்டுகின்றன. எறும்புகளின் பின்னால் கீஸோவின் மனைவி கோக்கி போகிறாள். பார்த்தால், கோட்டைச் சுவரின் பொந்துக்குள் உட்கார்ந்து பயல் தனியாகத் தின்கிறான். தின்ற வயிறு உப்பி, வெளியே வரமுடியாமல், “கோக்கி, இழு! தாகப்போறேன், இழு!” என்று கதறுகிறான்.

பிள்ளைகள் பாயில் உருண்டார்கள். மறுநாள் கம்போ தெருவில் இறங்கியதும் சும்மா விடுவார்களா?

“மாமா, தட்டைப்பையில என்ன மாமா? தொல்லுங்க மாமா!”

கம்போ கடையைத் திறக்கவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குத் திரும்பினார்.

“இனிமே இந்த வீட்டுல கதைன்னு ஒரு சத்தம் கேக்கக்கூடாது. கேட்டா உங்கம்மா வீட்டுக்கு நடையக் கட்டு.”

“உங்க பேரச் சொன்னேனா?”

“பேரு வேற சொல்லணுமா!”

“உங்க பேர நான் என்னைக்குச் சொல்லியிருக்கேன்? சிலந்தியப் பத்திச் சொன்னேன். உங்களுக்கு எட்டுக் காலா இருக்கு?”

அவர் நேராகப் பேட்டைத் தலைவரிடம் போனார். கதை சொல்லமாட்டேன் என்று லாராய் பெரியவர்கள் முன்னால் சத்தியம் செய்யவேண்டும். அதுதான் புகார்.

தாய்வீட்டுக்குப் போ என்றதற்கெல்லாம் லாராய் அசரவில்லை. இரண்டுமுறை கோபித்துக்கொண்டு போய், இரண்டுமுறையும் புதுத்துணியோடு திரும்பி வந்தவள்தான். சத்தியம் என்றதற்குத்தான் பயந்தாள். காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சுவர் ஓட்டையிடம்கூட.

அவளுக்குத் தலைப்பிள்ளை பெண். அசாபே என்று பெயர். அந்தப் பெயர், பெற்ற தாயின் வாயிலிருந்து ஒருமுறைகூட வந்ததில்லை. தலைப்பிள்ளையைப் பெற்றவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதா, மடியில் வைத்துக் கொஞ்சுவதா? ஊர் சிரிக்காதா? முறைப்படி, பால் மறந்ததும் குழந்தையை மூன்று சந்து தள்ளி நாத்தனார் ஷாத்து வீட்டுக்கு வளர்க்கக் கொடுத்தாயிற்று. இப்போது ஒன்பது வயது. எப்போதாவது எதிரே வந்தால் லாராய் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், கம்போ தொப்பியைச் சரிசெய்வார். பின்னால் பிறந்த இரண்டு பையன்களையும் திட்டலாம், கொஞ்சலாம், கேள்வியில்லை. அதனிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசமுடியாது.

ஆனால் கரண்ட் போன சாயங்காலங்களில் பாயோடு வரும் பிள்ளைகளில் அதுவும் ஒன்று. இருட்டில் பத்துப் பேருக்குச் சொல்வதுபோல அதற்கும் சொல்லலாம். ‘குளிரில் தலையைத் துவட்டாமல் இருக்காதே’ என்று கோக்கி தன் பிள்ளைக்குச் சொன்னால் யார் குற்றம் சொல்லமுடியும்? கதையை நிறுத்தினால் அந்தப் பேச்சும் நின்றுபோகும்.

பேட்டைத் தலைவர் இலியாவுக்கு வாழ்நாளில் வந்த வழக்கெல்லாம் சாக்கடையும் ஆடும்தான். இந்தப் புகாரைக் கேட்டதும் மனுஷனுக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

“என்ன கதை? சொல்லு கேப்போம்.”

“ஒரு சிலந்தி, தினமும் காலையில...”

“நிறுத்து, நிறுத்து!” தலைவர் பாதி எழுந்துவிட்டார். “பட்டப்பகல்ல கதை சொல்றியே, அறிவிருக்கா? பகல்ல கதை சொன்னா வீட்டு ஆளு வழிதப்பிப் போவாங்கன்னு தெரியாது? எங்கம்மா இப்பத்தான் கட்சினா ஊருக்கு பஸ் ஏறியிருக்காங்க!”

“அப்ப புகார எப்படித்தான் சொல்றது தலைவரே?”

“சாயங்காலத் தொழுகை முடியட்டும். உன் சம்சாரமே வந்து சொல்லட்டும். நீ சொன்னா அது புகார், அவ சொன்னாத்தான் கதை. எனக்குக் கதை ஆசையெல்லாம் கிடையாது. நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல?”

நியாயம் கேட்க அன்று சாயங்காலம் தலைவர் வீட்டு உள்முற்றத்தில் இருபது பெண்களும், எண்ணமுடியாத பிள்ளைகளும். முக்காடு போட்ட லாராயை டேலு கையைப் பிடித்து அழைத்துவந்தாள், ஏதோ தானே குற்றவாளி என்ற பெருமையோடு. பாய்த்தட்டிக்கு அந்தப் பக்கம், வாசல் நடையில் தலைவரும் கம்போவும். ஆண்பிள்ளைகள் கதை கேட்பது கௌரவக் குறைச்சல் என்பதால் தலைவர் முகத்தைத் தெருப்பக்கம் வைத்துக்கொண்டார். காது மட்டும் உள்பக்கம்.

நாத்தனார் ஷாத்து கடைசியில் வந்து உட்கார்ந்தாள். மடியில் அது. லாராய் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, கதை தொடங்கும் வழக்கமான அடியைச் சொன்னாள்.

“வர்றா, வர்றா, கதைக்காரி வர்றா!”

“வரட்டும், காது காலியாத்தான் இருக்கு!” முற்றம் முழுக்கப் பதில் சொன்னது. தட்டிக்கு அப்பால் ஒரு ஆண்குரலும் சேர்ந்து சொன்னது. தலைவர் திரும்பிப் பார்த்தார். கம்போ இருமினார். சின்ன வயதுப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

லாராய் ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னாள். தொழுகைப் பொய், அங்கிப்பை, எண்ணெய், எறும்பு வரிசை. தலைவரின் தோள் குலுங்கியது. நியாயத்துக்காகத்தான். கோக்கி பொந்துக்குள் எட்டிப் பார்த்தாள். “கீஸோ, ஊரெல்லாம் வேற பேசுது. நீ இங்க தனியா உக்காந்து...”

“அவன் தின்னல!”

தட்டிக்கு அப்பாலிருந்து வந்தது கம்போவின் குரல்.

லாராய் கோக்கியின் குரலிலேயே கேட்டாள். “தின்னலியா? அப்ப யாருக்குக் கொடுத்த? சொல்லு. புதுசா ஒருத்தியா?”

டேலு இதற்காகத்தான் நாலு மாதம் காத்திருந்தாள். கழுத்து ஒரு முழம் நீண்டது.

கம்போவால் எப்படிச் சொல்லமுடியும்? பேட்டையே கேட்டுக்கொண்டிருக்கையில் கஞ்சி போட்ட மனுஷன் எந்தப் பெயரைச் சொல்வார்? பிறகு மெல்ல, கொஞ்சம் கரகரத்து, ஒரு குரல் எழுந்தது. அது கம்போவின் குரல் இல்லை, கீஸோவின் குரல்.

“கோக்கி... தத்தியமா, பொம்பளை யாரும் இல்ல. மூணாவது தந்துல, என் அக்கா வீட்டு வாதல்ல, ஒரு முட்டை இருக்கு. முதல் முட்டை. நம்ம முட்டை.”

பிள்ளைகள் ‘கொல்’ என்று சிரித்தார்கள். பெரியவர்கள் சிரிக்கவில்லை.

“ஊரு பாக்கறப்ப அதத் தொடக்கூடாது. திலந்திக்கும் வெக்கம் இருக்குல்ல? அதான் ஊரு கண்ணு முழிக்கிறதுக்குள்ள போறேன். வடையத் திண்ணையில, இல்ல, வாதப்படியில வெக்கிறேன். மூலையில நின்னு பாக்கறேன். அவ்வளவுதான்.”

“அடப்பாவி!” என்றாள் ஷாத்து. “அதான் இந்தக் கழுதை காலையில கூழு வேணாம்னு வாசலுக்கு ஓடுதா? நான் பூச்சி மருந்து வேற கொடுத்தேனே!”

மடியிலிருந்த அசாபே காதோடு கேட்பதாக நினைத்து உரக்கக் கேட்டது. “அத்தை, கீஸோவுக்குப் பல்லு விழுந்துடுச்சா?”

அந்தக் குரலைக் கேட்டதும் தட்டிக்கு அந்தப் பக்கம் ஏதோ தரையில் விழுந்தது. தொப்பியாக இருக்கும். பிள்ளை அங்கே இருப்பது கம்போவுக்கு அதுவரை தெரியாது.

லாராய் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். கோக்கியின் குரல் கொஞ்சம் இறங்கித்தான் வந்தது.

“நாலு மாசமா என்கிட்ட மறைச்சிட்டியே கீஸோ. சரி, நானும் ஒண்ணு மறைச்சேன். இருட்டினதும் எல்லா முட்டையும் என் முற்றத்துக்கு வருது. கூட்டத்தோட கூட்டமா அதுவும் வருது. எல்லாத்துக்கும் சொல்ற மாதிரி நான் அதுக்குத்தான் சொல்றேன். அதத்தான் நீ நிறுத்தச் சொல்லி ராஜாகிட்டப் போயிருக்க.”

யாரும் யாரையும் பார்க்கவில்லை. இருபது பெண்களும் திடீரென்று தங்கள் வளையலைச் சரிசெய்யத் தொடங்கினார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் பார்க்காமல் இருக்க நம் பேட்டைக்குத் தெரியும். டேலு மட்டும் பார்த்தாள், ஒருவராவது பார்க்கவேண்டாமா?

“கோக்கி,” என்றது நடையிலிருந்த குரல், “எனக்கு அது தெரியாது.”

“தெரிஞ்சா மட்டும்? போகட்டும். அது நல்லாச் சாப்பிடுதா?”

“தாப்பிடுது. காரம்தான் ஆகல. மிளகாய் கடிபட்டா கண்ணு கலங்கிடுது. பிச்சுப் பிச்சுப் பாத்து எடுத்துப் போட்டுட்டுத் தின்னுது. பாவம்.”

வளர்க்கக் கொடுத்த நாள்முதல் தன் பெண்ணைப் பற்றி லாராய்க்குக் கிடைத்த முதல் சேதி அது. அவள் கதையை விட்டுவிட்டு முக்காட்டின் நுனியை மடித்துக்கொண்டிருந்தாள். தலைவரின் மூத்த மனைவிதான் கதை முடிக்கும் வழக்கமான அடியைச் சொல்லிச் சமாளித்தாள். “எலி வாலை அறுத்தாச்சு, கதை அதோட தீர்ந்தாச்சு! எல்லாரும் வீட்டுக்குப் போங்க.”

“இரு, இரு,” என்றார் தலைவர், மூக்கைச் சிந்திக்கொண்டு. “புகார் என்னாச்சு?”

“எந்தப் புகார் தலைவரே?” கம்போ சொந்தக் குரலுக்குத் திரும்பியிருந்தார்.

“கதைய நிறுத்தணும்னு சத்தியம் கேட்டியே?”

“நானா? நான் தொப்பி துவைக்கிறவன். எனக்கும் கதைக்கும் என்ன சம்பந்தம்? அவ சொல்லட்டும். தினமும் சொல்லட்டும்.”

“அது நீ சொன்னா ஆச்சா? விசாரணை பாதியில நிக்குது,” என்றார் தலைவர். “அந்தப் பொந்துல மாட்டினவன் எப்படி வெளிய வந்தான்னு தெரியணும். வியாழக்கிழமை மறுபடியும் கூடுவோம். ஷாத்து, நீ பிள்ளைங்களை எல்லாம் கூட்டிட்டு வந்துடு. சாட்சி வேணும்.”

மறுநாள் விடியுமுன்னே லாராய் இரண்டு சட்டியில் மாவு கரைத்தாள். ஒன்றில் வழக்கம்போல மிளகாய். மற்றதில் வெறும் வெங்காயமும் உப்பும். கம்போ கூழைக் குடித்துவிட்டுத் தட்டுப் பக்கம் கையை நீட்டினார். நீட்டிய கையை நிறுத்திக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் அடுப்பைப் பார்த்தபடி, காரமில்லாத மாவில் சுட்ட நாலு வடையை அவர் பக்கம் தள்ளிவைத்தாள். அவர் எடுத்துக்கொண்டு மேற்கே போனார்.

சுவர் ஓட்டையில் முகம் வந்தது. முகத்தின் பின்னாலிருந்து ஒரு கையும் வந்து, தட்டில் மிச்சமிருந்ததை எடுத்து வாயில் போட்டது.

“என்னடி இது, உப்புச்சப்பில்லாம? மிளகாய் தீந்துபோச்சா?”

“உனக்குச் சுட்டதில்ல அக்கா அது.”

“யாருக்காம்?” என்றாள் டேலு, ஒன்றுமே தெரியாதவள்போல.

லாராய் சட்டியில் கிடந்த வடையைத் திருப்பிப் போட்டாள். இன்னும் கொஞ்சம் சிவக்கவேண்டும்.