இன்னாசிமுத்துவின் நாற்காலி

லீக் வந்த பிறகு ஊர் ஹாக்கி ஆட்டத்துக்கு முந்நூறு ரூபாய் டிக்கெட். வசூலில் பாதி அரியூர் அணிக்கு என்றார்கள்; ஒரு மட்டைகூட வரவில்லை. ஜோஸ்பினுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

"டிக்கெட்டு எங்கக்கா போவுது? உள்ள குந்தினுருக்கறவன் எல்லாம் ஓசி பாஸு. இன்னாத்தப் பங்கு போடறது?" என்று, பங்கு கேட்டவளை மைதான வாசலிலேயே மடக்கினான் லீக் நடத்தும் அரிகரன்.

அவள் முன்வரிசைக்குப் போனாள். அணியின் கோல்கீப்பராயிருந்து போன வருஷம் இறந்த அவள் கணவன் இன்னாசிமுத்துவுக்காக, ஒவ்வொரு ஆட்டத்திலும் மாலை போட்டுக் காலியாக விடும் நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார். மாலை அவர் காலடியில் கிடந்தது.

"பாஸாண்ணே?"

"பாஸா? வேற சீட்டே இல்லன்னு இதுக்கு ஐநூறு புடுங்கிட்டாம்மா."

ஜோஸ்பின் மாலையை எடுத்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பினாள்.

"இருந்ததெல்லாம் வித்து, பத்தாம எங்க வூட்டுக்காரரு சீட்டையும் வித்துட்டியேடா. இப்பப் போடு பங்கை."