ஆளுக்கொரு ரின்மீன்

மச்சினன் கரிகாலன் மகளையும் கூட்டிக்கொண்டு ஹூஸ்டனிலிருந்து பாரிஸ் லாச்சப்பலுக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து, சுதந்திரத்தைப் பற்றிக் கேட்டுக் கேட்டு இராஜதுரைக்குக் காது புளித்துவிட்டது. அமெரிக்காவில் வீடு கட்டச் சுதந்திரம், கார் நிறுத்தச் சுதந்திரம். எல்லாவற்றுக்கும் மேலாக, துவக்கு வைத்திருக்கச் சுதந்திரம்.

"நாலு வைச்சிருக்கிறன் அத்தான்," என்று சொல்லிக் கைபேசியில் படமும் காட்டினான். போன வருடத்துச் சரஸ்வதி பூசை. குத்துவிளக்கு, சுண்டல், மகள் அக்‌ஷராவின் கணக்குப் புத்தகம், அதற்குப் பக்கத்தில் வரிசையாக நாலு துப்பாக்கிகள். நாலுக்கும் சந்தனம் பூசிக் குங்குமப் பொட்டு வைத்திருந்தது. ஆயுத பூசையில் ஆயுதம் வைத்தால் என்ன பிழை என்று கேட்டான். முறைப்படி பார்த்தால் ஒரு பிழையும் இல்லை. அதுதான் இராஜதுரைக்குப் பெரிய பிழையாகப் பட்டது.

இதே கரிகாலன்தான் இருபத்தைந்து வருடத்துக்கு முன்னர், துவக்குக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி வந்ததாக நாலு பக்கம் எழுதிக் கொடுத்து அமெரிக்காவில் அகதியானவன். இராஜதுரையும் பிரான்சில் அதையேதான் எழுதிக் கொடுத்தார். இரண்டு பேர் எழுதியதும் உண்மைதான். ஒருவர் மறந்துவிட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இருந்தும் இராஜதுரை வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் இருந்தது. அக்கா குடும்பத்தைக் கூப்பிடுவதற்காகக் கரிகாலன் பதினைந்து வருடத்துக்கு முன்னர் போட்ட விண்ணப்பத்துக்கு இப்போதுதான் முறை வந்திருந்தது. வருகிற வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அமெரிக்கத் தூதரகத்தில் விசா நேர்காணலுக்கு ரொந்தேவு. மனைவி தில்லைநாயகி, தம்பியின் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கப் போகும் மகிழ்ச்சியில் கால் நிலத்தில் படாமல் திரிந்தாள். பத்து வயது மகன் மதுஷனுக்கு அங்கே பள்ளிக்கூடமும் பார்த்தாயிற்று. எட்டு வயது அக்‌ஷரா படிக்கிற அதே பள்ளிக்கூடம். ஃபொபூர் சேன்-தெனி வீதியிலுள்ள தன் பலசரக்குக் கடையின் கண்ணாடிக் கதவில், 'வியாழன் கடை பூட்டு' என்று தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதி இராஜதுரை ஒட்டிவிட்டார். பதினைந்து வருடக் கனவு ஒரு வெள்ளைத் தாளில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் தேர். கடைக்கு முன்னால் தேங்காய்களை மலைபோலக் குவித்து மஞ்சள் பூசி வைத்திருந்தார்கள். பட்டு வேட்டியில் நின்ற கரிகாலனிடம் இராஜதுரை அன்று வாயைக் கொடுத்துவிட்டார்.

"அங்கை பள்ளிக்கூடத்துக்கை பூந்து பிள்ளையளைச் சுடுறாங்கள் எண்டு செய்தியிலை காட்டுறாங்களே தம்பி?"

"அது துவக்கின்ரை பிழை இல்லை அத்தான், விசரன்ரை பிழை. பக்கத்திலை ஒரு நல்லவன் துவக்கோடை நிண்டா அவனை நிப்பாட்டலாம்."

"எங்கடை ஊரிலை துவக்கு வைச்சிருந்த எல்லாரும் தங்களை நல்லவை எண்டுதான் சொன்னவை."

"அது வேறை."

"ஓம், வேறைதான். சட்டம் போட்டுத் தடுக்கேலாதோ?"

"சட்டம் போட்டா நல்லவன்ரை துவக்கைத்தான் பறிப்பாங்கள். கள்ளன் கொண்டுவந்து குடுப்பானோ? ஒவ்வொரு ரீச்சருக்கும் ஒண்டு குடுத்தாச் சரி."

இராஜதுரை தன்னுடைய கணக்கு வாத்தியாரை நினைத்துப் பார்த்தார். பெருக்கல் வாய்ப்பாடு பிழைத்ததற்கே பிரம்பை முறித்த மனிதர். அவர் கையில் பிரம்பை மட்டும் கொடுத்து வைத்த பிள்ளையாருக்கு மனதார ஒரு கும்பிடு போட்டார்.

தேர் தெருமுனையில் திரும்பியதும் கரிகாலனும் தில்லைநாயகியும் தேங்காய் உடைக்க ஓடினார்கள். பிள்ளைகள் இரண்டும் கடைக்குள்ளே தோடம்பழச் சாறு குடித்துக்கொண்டிருந்தன. இராஜதுரை கல்லாவில் இருந்தார்.

வெளியே முதல் தேங்காய் வெடித்தது. பிறகு நூறு. படார் படாரென்று தெரு முழுக்க ஒரே சத்தம். "அரோகரா" என்று சனம் கத்தியது.

அக்‌ஷரா சாற்றுப் போத்தலைச் சத்தமில்லாமல் நிலத்தில் வைத்தாள். அழவில்லை, கத்தவில்லை. நேரே போய்க் கண்ணாடிக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். லைட்டை அணைத்தாள். மதுஷனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் குந்த வைத்தாள். திரும்பி வந்து இராஜதுரையின் சட்டையையும் பிடித்து இழுத்தாள். ஐம்பது வயது மனிதர் என்ன ஏது என்று தெரியாமல் அவள் பின்னால் போய்க் குந்தினார்.

அவள் கதவடிச் சாமான் தட்டிலிருந்து மூன்று தகர டப்பா ரின்மீன் எடுத்தாள். மதுஷனுக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று.

"இது என்னத்துக்கு பிள்ளை?"

"எறியிறதுக்கு," என்று கிசுகிசுத்தாள். "சுடுறவர் உள்ளை வந்தால். மாமா, ஃபோனைச் சத்தம் இல்லாமல் வையுங்கோ."

உலகத்திலேயே பலமான படை வைத்திருக்கிற நாடு தன் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிற ஆயுதத்தை இராஜதுரை கையில் வைத்துப் பார்த்தார். தக்காளிச் சாற்றில் ஊறிய மீன், நானூற்றிருபத்தைந்து கிராம்.

மதுஷனுக்குச் சிரிப்பு வந்தது. அவனுடைய பள்ளிக்கூடத்திலும் வருடத்துக்கு ஒருமுறை இப்படி ஒளிக்கப் பழக்குவார்கள். வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டிச் சிரிப்பான். இப்போது அக்‌ஷராவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

"அது தேங்காய் அம்மா," என்றார் இராஜதுரை. "வெளியிலை தேங்காய் உடைக்கினம்."

"எல்லாரும் முதல்லை அப்பிடித்தான் நினைப்பினமாம். பட்டாசு எண்டு, கதவு அடிபடுது எண்டு. ரீச்சர் சொன்னவா." உதட்டில் விரலை வைத்தாள். "இனிக் கதைக்கக் கூடாது."

முழங்காலை நெஞ்சோடு சேர்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். இராஜதுரைக்கு அந்த இருப்பு தெரியும். எண்பத்தேழில் பங்கருக்குள் அப்படித்தான் அவரும் குந்தியிருந்தார். அவருக்கு அதைப் பழக்கியது குண்டு. இவளுக்குப் பாட நேரத்தில் மணியடித்துப் பழக்கியிருக்கிறார்கள். அவருக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம் இல்லை. நன்றாகவே தெரிந்தது.

கதவை யாரோ தடதடவென்று தட்டினார்கள்.

"அக்‌ஷரா! அப்பாதான் வந்திருக்கிறன். கதவைத் திற!"

இராஜதுரை எழும்பப் போனார். சின்னக் கை அவருடைய முழங்காலை அமத்திப் பிடித்தது. "வேண்டாம் மாமா. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது. அப்பா எண்டு சொன்னாலும் கூடாது."

கரிகாலன் தட்டினான், கூப்பிட்டான், பிறகு கெஞ்சினான். நாலு துவக்குக்குச் சொந்தக்காரன் தேங்காய்த் தண்ணீர் வடிய வெளியே நின்றான். அவன் மகள் உள்ளே ரின்மீனைத் தலைக்கு மேலே ஓங்கிப் பிடித்துக்கொண்டு, கதவு உடைபடக் காத்திருந்தாள். அவள் கை நடுங்கவே இல்லை. அதைத்தான் இராஜதுரையால் தாங்க முடியவில்லை.

கடைசியில் தில்லைநாயகி கண்ணாடியில் முகத்தை வைத்து, "மருமோளே, மாமியடி," என்று அழுதுகொண்டு கூப்பிட்ட பிறகு இராஜதுரை எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

கரிகாலன் மகளைத் தூக்கிக் கொஞ்சினான். முகத்தில் முதலில் பயம் இருந்தது. பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள், பெருமை வந்தது.

"பாத்தியளோ அத்தான்? வகுப்பிலையே இவள்தான் ஆகக் கெதியா ஒளிக்கிறவள். போன வருசம் பரிசும் குடுத்தவை." மதுஷனின் தலையைத் தடவினான். "நீயும் வந்து ரெண்டு கிழமையிலை பழகீடுவாய் மருமோன்."

 தில்லைநாயகி அக்‌ஷராவின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து ரின்னை வாங்கினாள். பிறகு மகனைப் பார்த்தாள். அவன் தன்னுடைய ரின்னை இன்னும் கீழே வைக்கவில்லை.

"இஞ்சேருங்கோ," என்றாள் கணவனிடம். "வியாழக்கிழமை கடையைத் திறவுங்கோ."

"என்னக்கா கதைக்கிறாய்? பதினைஞ்சு வருசம் காத்திருந்தது!"

இராஜதுரை கதவடிக்குப் போய், ஒட்டியிருந்த தாளை நகத்தால் கிளப்பினார். பசை விடவில்லை. 'வியாழன்' முழுதாக வந்தது, 'பூட்டு' கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. அவர் எச்சில் தொட்டு அதைச் சுரண்டச் சுரண்ட, பின்னால் அக்‌ஷரா மூன்று ரின்னையும் எடுத்துப் பழையபடி தட்டில் அடுக்கினாள். சின்னப் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில், கதவுக்குக் கிட்டவாக.