இடப்பக்க விளக்கு

வரைவதற்கென்று பெத்கானா டீச்சர் மேசைமேல் வைத்தது ஒரு முழுப் பானித்சா. பூசணித் துருவலை மெல்லிய மாவுத்தாளில் சுருட்டி, வட்டமாகச் சுற்றிச் சுட்டது. ஒரு துண்டுகூட வெட்டியிருக்கவில்லை. மூன்றாம் வகுப்புக்கே நாக்கில் எச்சில் ஊறியது.

"கண்ணால மட்டும் சாப்பிடுங்க. வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?"

"இடது பக்கம், டீச்சர்."

இடப்பக்கம் நின்றது பெத்கானாவின் வீட்டு விளக்கு. திரையை இழுத்துவிட்டு ஒற்றை விளக்கை வைத்தால்தான் நிழல் ஒழுங்காக ஒரே பக்கம் விழும். பள்ளியில் கேட்டால் அடுத்த பனிக்காலத்தில் தருவார்கள் என்று முந்தாநாளே வீட்டிலிருந்து தூக்கி வந்துவிட்டாள்.

நேற்று அவளுடைய பெயர் நாள், அதாவது அவள் பெயர்கொண்ட புனிதரின் திருநாள். பெயர் நாளுக்கு யாரையும் அழைக்கக் கூடாது. தெரிந்தவர்கள் தாமாக வந்து நிற்பார்கள். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஆறு வாரம்தான். இருந்தும் இந்தப் பானித்சாவைச் சுட்டு, எட்டுத் தட்டுகளை எடுத்து வைத்து, வீட்டின் பின்பக்கச் சமையலறையில் காத்திருந்தாள். ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. தட்டுகளைத் திரும்ப அடுக்கும்போது அழுதாள். அது வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்பதுதான் இன்று அவளுடைய கவலையெல்லாம்.

"டேய் வெல்கோ, விரலால தேய்க்காதே. கோடு கோடாப் போடு. இருட்டுப் பக்கம் நெருக்கமா. வெளிச்சம் படுற இடத்துல தாளை அப்படியே விட்டுடு."

"டீச்சர், நேத்து உங்க பெயர் நாளாச்சே. இதை ஏன் யாரும் சாப்பிடல?"

"வாயை மூடிட்டு நிழலைப் போடு."

முன்வரிசை ராலித்சா தலை நிமிராமலே சொன்னாள். "நாங்க வந்தோம். அம்மா சாமந்திப் பூகூட வாங்கியிருந்தாங்க. முன்ஜன்னல்ல வெளிச்சமே இல்ல. டீச்சர் ஊர்ல இல்ல போலன்னு திரும்பிட்டோம்."

"நாங்களும்தான்," என்றான் வெல்கோ. "எங்க பின்னாடியே பக்கத்து வீட்டுக் கென்கோ மாமா வேற வந்தார். அவரையும் அம்மா திருப்பி அனுப்பிட்டாங்க."

பெத்கானாவின் பார்வை இடப்பக்கம் போனது. அவள் வீட்டு முன்னறைக்கு இருந்தது அந்த ஒரே விளக்கு. எந்தப் பக்கம் வெளிச்சம், எந்தப் பக்கம் இருட்டு என்று பதினைந்து வருஷமாகப் பாடம் நடத்துகிறவள், தன் வாசலை இருட்டாக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதுதான் கொடுமை.

"அப்போ இன்னிக்கு வரலாமா, டீச்சர்?" என்று கேட்டாள் ராலித்சா.

வாங்க என்ற சொல் உதடுவரை வந்துவிட்டது. அழைக்கக் கூடாதே. கத்தியை எடுத்துப் பாதியை மட்டும் பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுத்தாள். மீதியைத் துணியால் மூடினாள்.

"மணியடிச்சதும் இந்த விளக்கை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்," என்றாள், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. "முன்ஜன்னல்லதான் வைக்கப் போறேன்."