ஏரிக்கரைக் கயிறு

செத்துக் கிடந்த தம்பியின் தலையில் எண்ணெய் வைக்கக் குனிந்தபோதுதான் சந்திரலேகா அந்தக் கயிற்றைப் பார்த்தாள். வலது மணிக்கட்டில், மஞ்சளும் சிவப்பும் சேர்த்து முறுக்கிய புதுக் கயிறு. குளிப்பாட்டப் போகிறவர்கள் அதை அவிழ்க்காமல் விட்டிருந்தார்கள். உள்ளங்கை எண்ணெய் விரலிடுக்கில் வழிந்து தம்பி இளவரசுவின் காதில் சொட்டியது.

ஏரிக்கரை முனீஸ்வரன் கோயில் கயிறு. குடிக்கிறவனைத் தலைமுழுக வைத்து, ஈர வேட்டியோடு கொண்டுபோய் நிறுத்தினால் பூசாரி கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு கட்டிவிடுவார். கட்டிய நிமிடத்திலிருந்து ஒரு சொட்டுத் தொடக்கூடாது. மீறினால் முனீஸ்வரன் ஆளையே எடுத்துக்கொள்வார் என்று பேச்சு.

"வச்சிட்டு நவுரு லேகா, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க" என்றார் தாய்மாமன் கொளஞ்சி.

அவள் நகரவில்லை. சிதம்பரத்தில், குடிக்கிற வீடுகளில் அடிவாங்கும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் துணை நிற்கும் மையம் ஒன்றில் அவள் ஆலோசகர். எதிரே வந்து உட்காரும் பெண் கயிறு என்று வாயெடுத்தாலே பதறுவாள். "வருசக்கணக்கா தெனமும் குடிச்ச ஒடம்பும்மா. சட்டுனு நிறுத்துனா தாங்காது. கை ஒதறும், புத்தி கலங்கும், ஃபிட்ஸ் வந்து ஆளே போயிடுவான். ஆஸ்பத்திரியில வச்சி மருந்து குடுத்துதான் நிறுத்தணும். அப்புறமா போயி கயிறு கட்டிக்குங்க, சாமி ஒண்ணும் கோச்சிக்காது." இதைக் கிளிப்பிள்ளை மாதிரி ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள். சொல்லாமல் விட்ட வீடு ஒன்றுதான்.

சொல்ல அந்த வீட்டில் அவளுக்குக் கதவு திறந்திருக்கவில்லை. போன வருடம் இளவரசு குடித்துவிட்டு வந்து மனைவி சத்யப்பிரியாவின் கையை முறுக்கி எலும்பை உடைத்தான். மாவுக்கட்டோடு அவளையும் மகளையும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவள் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டதும், மகளிர் காவல் நிலையத்தில் பக்கத்தில் உட்கார்ந்து புகார் கொடுக்க வைத்ததும் சந்திரலேகாதான். "கூடப் பொறந்தவனையே உள்ள தள்ளப் பாத்தவ" என்று அம்மா அமிர்தம் அன்றோடு மகளிடம் பேச்சை நிறுத்தினாள். அதில் சந்திரலேகாவுக்கு வருத்தம் உண்டு, வெட்கம் இல்லை. அடித்தவன் தம்பியாக இருந்தால் என்ன, தாசில்தாராக இருந்தால் என்ன.

அமிர்தம் தலைமாட்டில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருத்தியிடமும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அழுது ஓய்ந்த, காய்ந்த குரல்.

"நான்தான் கூட்டிம்போயி கயிறு கட்னேன். ரெண்டு நாளு நல்லாத்தான் இருந்தான். கை மட்டும் ஒதறிக்கினே கெடந்துது. நேத்து பொழுது சாய, செவுரெல்லாம் பூரான் ஓடுதுங்கறான். புள்ள மேல ஏறுது தட்டி வுடும்மாங்கறான். புள்ள எங்க இருக்குது இங்க? எனுக்கு வயிறு எரிஞ்சி போச்சி. சாமிகிட்ட சத்தியம் பண்ணிட்டு மறுபடியும் ஊத்திக்கினு வந்துட்டியாடா பாவின்னு வெளிய தள்ளி கதவ சாத்திட்டேன். டிராக்டர் கொட்டாயிலயே கெடந்துருக்கான். விடிஞ்சி பாத்தா வாயில நொர."

"சத்தியத்த மீறுனா முனீஸ்வரன் சும்மா வுடுவாரா" என்றாள் பக்கத்து வீட்டுத் தங்கம்மாள்.

"மீறிட்டான்" என்றாள் அமிர்தம்.

நடுக்கம், பூரான், நுரை. சந்திரலேகா மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மற்றவர்களுக்கு எச்சரிக்கிற அதே வரிசை, ஒன்றுகூட முன்பின் மாறவில்லை. மாலையைச் சரிசெய்வதுபோல் மறுபடி குனிந்தாள். உதட்டோரம் பல் பட்டுக் கிழிந்திருந்தது. வலிப்பில் கடித்த கடி. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இளவரசுவோடு நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றி ஓட்டும் சிலம்பரசன் அங்கே நின்றிருந்தான்.

"அவன் எங்க குடிச்சான்னு எனுக்கே புரியலக்கா" என்றான் தயங்கித் தயங்கி. "கட பக்கமே வரல. வண்டிக்கும் வரல. நேத்து காலைல பாக்கப் போனேன். ஒரு சொம்பு தண்ணியத் தூக்கிக் குடிக்க முடியல, அப்டி நடுங்கறான். ஒரு கட்டிங் போட்றா, சரியாப் போயிடும்னேன். கயித்தக் காட்டி சிரிச்சான்."



சத்யப்பிரியா வந்து இறங்கினாள். கையைப் பிடித்துக்கொண்டு மகள் தீபிகா. பந்தலில் பேச்சு நின்று, பிறகு தணிந்த குரலில் தொடர்ந்தது. மனைவி கணவனின் காலருகே கொஞ்ச நேரம் நின்றாள். அழவில்லை. உடைந்து ஒட்டிய கை இன்னும் முழுதாக நீளவில்லை, அதை முந்தானைக்குள் வைத்திருந்தாள். பிறகு நேராகச் சந்திரலேகாவிடம் வந்தாள்.

"நீங்க சொன்னதுதான் அண்ணி சரியாப் போச்சி. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சின்னீங்க. நல்லவேள, புள்ளயத் தூக்கிக்கினு நான் கெளம்பல."

முந்தாநாள் அவள் போன் செய்திருந்தாள். அண்ணாமலை நகரில் பஸ்ஸுக்கு நின்றபடி சந்திரலேகா பேசினாள். குடிய வுட்டுட்டேன், வந்துடுன்றாரு அண்ணி, போவட்டுமா என்று அந்தப் பக்கம் கேட்டது. ஒரு நாளைக்கு நாலு பேர் கேட்கிற கேள்வி. நாலு பேருக்கும் சொல்கிற பழமொழியைச் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். போகாதே என்றது அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. ஆனால் முன்பின் தெரியாத ஒருத்தி கேட்டிருந்தால், கடைசியாக எப்போது குடித்தான், கை நடுங்குகிறதா என்று முதலில் கேட்டிருப்பாள். தம்பி என்றதும் கேட்கத் தோன்றவில்லை. அவன் உண்மை பேசக்கூடும் என்று நினைக்கவே இல்லை.

"அப்பா சாமிய ஏமாத்திட்டாரா அத்த?" என்று கேட்டது குழந்தை.

உள்ளே குளிப்பாட்டி, முழுக்கைச் சட்டை போட்டு, நெற்றியில் காசு ஒட்டியிருந்தார்கள். பாடை தயாராகி வாசலில் இருந்தது. கொளஞ்சி மடியிலிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்தார்.

"எடுக்கறதுக்குள்ள வாய நனைச்சி வுட்டுடறேன். இதுக்காவத்தான செத்தான்."

யாரும் தடுக்கவில்லை. ஆசைப்பட்டதைக் கொடுத்து அனுப்புவது வழக்கம்தான். சத்யப்பிரியா மகளின் முகத்தைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். மூடி திருகும் சத்தம் கேட்டது.

சந்திரலேகா போய் மாமனின் கையைப் பிடித்தாள்.

"வேணாம் மாமா."

"என்னாத்துக்கு?"

"கயிறு கட்டியிருக்கான்."

"அதான் மீறிட்டானே."

"மீறல மாமா. ஒரு சொட்டு தொடல அவன்."

அத்தனை பேரும் அவளைத்தான் பார்த்தார்கள். தம்பிமேல் புகார் கொடுத்த அக்கா. தீபிகா மெல்லத் தலையைத் திருப்பியது.

"அப்ப பூரான் ஓடுதுன்னானே" என்றாள் அமிர்தம். ஒரு வருடத்துக்குப் பிறகு மகளிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

எத்தனையோ தாய்மார்களுக்குப் பொறுமையாக விளக்கிய விஷயம் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால், ஈர வேட்டியோடு மகனைக் கூட்டிப்போய்க் கயிறு கட்டி வந்தவள் இனி எப்படிச் சோறு தின்பாள்?

"ஜொரம்மா" என்றாள் சந்திரலேகா. "ஜாஸ்தி ஜொரம் வந்தா அப்டித்தான் ஒளறுவாங்க. வேற ஒண்ணுமில்ல."

கொளஞ்சி மூடியைத் திருகி பாட்டிலை மடியில் சொருகிக்கொண்டார்.

"ஜொரமா" என்று அமிர்தம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். "ஜொரமா. நான் தொட்டுக்கூடப் பாக்கலியே."

தரையில் கையூன்றி எழுந்தாள். மகனின் நெற்றியில் ஒட்டியிருந்த காசைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் புறங்கையை வைத்தாள். பிறகு கழுத்தடியில் வைத்துப் பார்த்தாள். மறுபடியும் நெற்றியில் வைத்தாள். தூக்க வந்தவர்கள் பாடையருகே நின்றுகொண்டிருந்தார்கள்.