உருக்கு விரிப்பு

ஐம்பத்திரண்டு வயதுவரை சிசிலியின் சிற்பம் எதுவும் நாலு சுவருக்கு வெளியே நின்றதில்லை. மன்னாரிலிருந்து இலண்டனுக்குப் போனவள், ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்தபடியே கலைக்கல்லூரியில் படித்தாள். பிறகு சிறு சிறு உலோகச் சிற்பங்கள், சின்னக் காட்சிக்கூடங்கள், பத்திரிகையில் எப்போதாவது நாலு வரி. 2007இல்தான் மொன்றியலின் ஆற்றோரப் பூங்கா ஒன்றுக்கு அவளுடைய வரைபடம் தெரிவானது. கொடியில் காயும் படுக்கை விரிப்பு. ஏழு மீற்றர் உயரம், முழுக்க உருக்கு.

மொன்றியலின் புறநகரான ரொக்ஸ்பரோவில் தங்கை யோசெப்பின் வீட்டுக்கு வந்து இறங்கிய மூன்றாம் நாளே பூங்காவின் பொறியியலாளர் பெலாஞ்சே முடியாதென்று தலையை ஆட்டிவிட்டார்.

“ஆற்றுக்காற்று இதைப் பாய்மரம்போலத் தள்ளிவிடும். பின்னால் ஒரு தூண் வையுங்கள். இல்லையென்றால் உயரத்தைப் பாதியாக்குங்கள்.”

“தூண் வைத்தால் அது துணி இல்லை, சுவர்,” என்றாள் சிசிலி. “ஒரு வாரம் தாருங்கள்.”

யோசெப்பினின் கணவன் ஞானேந்திரன் லொறிப் பட்டறையில் வெல்டிங் செய்பவன். இருவருமாக அவன் வீட்டுக் கராஜில் ஒரு மீற்றர் உயர மாதிரி ஒன்றைச் செய்தார்கள். காற்று புகுந்து மறுபக்கம் போகும்படி அதன் மடிப்புகள் நெடுகச் சிசிலி நீளநீளமாகக் கீறி வெட்டினாள்.

“இதை எப்பிடி மச்சாள் சோதிக்கிறது?”

“உம்மட வான் என்ன வேகம் போகும்?”

ஞாயிறு பூசை முடிந்த கையோடு மாதிரியை அவனுடைய வான் வண்டியின் கூரையில் கீல் வைத்துப் பூட்டினார்கள். அதன் உச்சியிலிருந்து ஒரு கம்பி முன்பக்கமாக இறங்கி, ஜன்னல் வழியே மீன் நிறுக்கும் வில்தராசுக்கு வந்தது. தராசைப் பிடித்திருந்தவர் பெலாஞ்சே. கீறல்களை நாடா ஒட்டி மூடி, நெடுஞ்சாலையில் நூறில் ஓடினார்கள். முள் பதினான்கு கிலோவில் நின்றது. நாடாவை உரித்துவிட்டு அதே வேகத்தில் ஓடினார்கள். ஐந்து.

“இன்னொரு தடவை,” என்றார் அவர். மறுபடியும் ஐந்து.

மூன்று வாரம் கணக்குப் பார்த்து அவர் ஒப்பமிட்டார்.

அடுத்த ஒக்டோபரில் திறப்பு விழா. அன்று அடித்த காற்றில் விருந்தினர்களுக்குப் போட்டிருந்த கூடாரம் சரிந்து விழுந்தது. விரிப்பு அசையவில்லை. கீறல்கள் வழியே காற்று நுழைந்ததும் அதிலிருந்து தேவாலய ஓர்கன் போன்ற தாழ்ந்த ஒலி எழுந்தது. நானூறு பேரும் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள்.

“அக்கா, இது பாடுமெண்டு நீ சொல்லேல்லையே,” என்றாள் யோசெப்பின்.

“எனக்கே தெரியாதடி,” என்று சிசிலி சிரித்தாள். பெலாஞ்சே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அவளை நோக்கி வந்துகொண்டிருந்தார்.