மஞ்சள் வால், சிவப்பு வால்

கண்ணாடிக்கடைக்காரர் வீட்டுப் பின்னறையில் இந்தக் குளிர்காலம் முழுக்கச் சுத்தியலும் ரம்பமும் ஓய்ந்தபாடில்லை. தெருவில் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். உண்மை அவ்வளவு ருசியாக இல்லை. ஐம்பத்திரண்டு வயதுக் கண்ணாடிக்கடைக்காரரும், அவர் மனைவியின் தம்பியான லிஃப்ட் மெக்கானிக்கும் உள்ளே உட்கார்ந்து பொம்மை விமானம் செய்துகொண்டிருந்தார்கள். பொம்மை என்று அவர்கள் காதுபடச் சொன்னால் தொலைந்தீர்கள். மோட்டார் உண்டு, ரிமோட் உண்டு, இறக்கை மட்டும் ஒன்றரை மீட்டர். பனியில் சறுக்கி இறங்குவதற்காகச் சக்கரத்துக்குப் பதில் அடியில் இரண்டு பலகை.

இரண்டுக்கும் பாகங்கள் வந்தது ஒரே வகை அட்டைப்பெட்டியில், ஒரே அளவு. மாமாவுடையதற்குச் சிவப்பு வால், மச்சானுடையதற்கு மஞ்சள் வால். வேறு வித்தியாசம் கிடையாது. மேசையும் ஒன்றுதான், வந்தது வினை. இவர் முழங்கை பட்டு அவன் இறக்கை விரிசல், அவன் தும்மி இவர் ஒட்டிய காகிதம் பறந்தது. ஒரே உறையில் இரண்டு கத்தி எத்தனை நாள் இருக்கும்?

காப்பியில் மரத்தூள் மிதந்த அன்று வீட்டுக்காரம்மா தீர்ப்பு சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை பறக்க விடுங்க. யாரோட விமானம் முழுசா திரும்பி வருதோ அவங்களுக்கு ரூம். மத்தவங்க மூட்டையக் கட்டிக்கிட்டு மாடிப்படிக்குக் கீழ."

"ரெண்டும் முழுசா வந்தா, அக்கா?"

"இதுவரைக்கும் வந்திருக்கா?"

வந்ததில்லைதான். மூன்று குளிர்காலமாகத் தம்பி இறக்கிய எதுவும் இறங்கவில்லை, விழுந்தது. மாடிப்படிக்குக் கீழோ நிமிர்ந்து உட்காரக்கூட இடம் கிடையாது. கண்ணாடிக்கடைக்காரருக்கு இடுப்பு வேறு பிடிப்பு. அந்த அறை போனால் தன் விமானமும் போயிற்று என்று அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை மாலை ஒரு சின்ன வேலை பாக்கி இருந்தது. ரிமோட்டையும் விமானத்தின் வயிற்றுக்குள் இருக்கும் பெட்டியையும் ஜோடி சேர்க்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் விளக்கு மினுக்கும், சேர்ந்ததும் நின்று எரியும். ஒரு நேரத்தில் ஒரு ஜோடிதான் என்பது பால பாடம்.

"மூத்தவன் நான். முதல்ல நான்."

"மேசைக்கு முதல்ல வந்தது நான், மாமா."

விட்டுக்கொடுத்தால் குறைந்துபோவார்களே! இருவரும் ஒரே நேரத்தில் அழுத்தினார்கள். இரண்டு விளக்கும் மினுக்கின, இரண்டும் நின்று எரிந்தன. இருவருக்கும் பரம திருப்தி.

மறுநாள் ஊருக்கு வெளியே வெட்டவெளி, கண்ணுக்கெட்டிய தூரம் பனி. குளிரில் பேட்டரி சோர்ந்துபோகும் என்று இருவரும் அதைக் குழந்தை மாதிரி அக்குளுக்குள் வைத்துக் காப்பாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். மாட்டியதும் சோதனை. கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துவிடுகிறது; ஒருவர் சோதிக்க மற்றவர் காத்திருக்க மானமும் இடம் தரவில்லை. இருவரும் சேர்ந்தே ரிமோட்டின் குச்சியை ஆட்டினார்கள். இரண்டு வாலும் ஆடின.

"உங்க மாமா முதல்ல," என்றாள் வீட்டுக்காரம்மா, சால்வைக்குள்ளிருந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டி.

கண்ணாடிக்கடைக்காரர் குச்சியை மெல்ல முன்னால் தள்ளினார். சிவப்பு வால் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் நின்றது. பத்தடி தள்ளி நின்ற மஞ்சள் வால் பனியைச் சீவிக்கொண்டு ஓடி, ஜிவ்வென்று மேலே ஏறியது.

"டேய்! என் முறைடா இது!"

"நான் தொடவே இல்ல மாமா! கையப் பாருங்க!" ரிமோட் கழுத்து வாரில் தொங்க, மெக்கானிக் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்.

"அப்ப அத ஓட்டுறது யாரு, உங்கப்பாவா?"

"எங்கப்பாவ ஏன் இழுக்கிறீங்க?" என்றது சால்வை.

அவர் கோபத்தில் குச்சியைப் பின்னால் இழுத்தார். வானத்தில் மஞ்சள் வாலின் சத்தம் அடங்கி மூக்கு தாழ்ந்தது. பதறிப்போய்த் தள்ளினார், உறுமி எழுந்தது. இடது பக்கம் ஒடித்தார், இடது பக்கம் திரும்பியது. காலடியில் சிவப்பு வால் இன்னும் சும்மா கிடந்தது. வேறொருவர் மனைவியிடம் தான் பேசிக்கொண்டிருப்பதாக நடுவில் தெரிந்துகொண்ட ஆளைப்போல் அவருக்குக் காது சூடேறியது. ஜோடி மாறிவிட்டது. அவர் கையில் இருப்பது அவன் விமானம்.

அடுத்த நொடியே இன்னொன்றும் உறைத்தது. இதை இப்படியே மூக்கால் குத்தவிட்டால் போதும், அறை அவருடையது. யார் கேட்கப்போகிறார்கள்? ஜோடி மாறியது அவர் குற்றமா?

மச்சானுக்கும் புரிந்துவிட்டது. அவன் முகம் பனியைவிட வெளுத்திருந்தது. "மாமா..." என்றான்.

கண்ணாடிக்கடைக்காரர் மூன்று சுற்று சுற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முடிவெடுத்தார், அடுத்த சுற்றில் அதை மாற்றினார். கடைசியில் விரல் மரத்து, மூளையும் மரத்து, என்ன முடிவில் இருக்கிறோம் என்றே தெரியாத நேரத்தில் கை தன்பாட்டுக்கு வேகத்தைக் குறைத்தது. மஞ்சள் வால் பஞ்சுமேல் பஞ்சு வைத்ததுபோல் இறங்கி, சறுக்கி, நின்றது. அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு அழகாக எதையும் இறக்கியதில்லை.

"முழுசா வந்திருச்சு!" என்றாள் மனைவி. "இது யாரோடது?"

"அவனோடது."

"ஓட்டினது?"

"நான்."

அவள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "சரி, இன்னொன்ன யாராவது ஓட்டுங்க. கால் விறைக்குது."

மெக்கானிக் தன் ரிமோட்டைப் பிடித்துக் குச்சியைத் தள்ளினான். சிவப்பு வால் ஏறியது, ஒரு சுற்று ஒழுங்காக வந்தது. இறங்க வரும்போது மூக்கு தாழ்ந்தது. நிமிரும் என்று பார்த்தால் நிமிரவில்லை. பனிக்குள் ஒரு இறக்கை மட்டும் தனியே நின்றது.

போட்ட சட்டம் சட்டம்தான். அறை தம்பிக்கு. ஆனால் தீர்ப்பைச் சொன்ன வீட்டுக்காரம்மாவுக்கே, நன்றாக ஓட்டியவரை மாடிப்படிக்குக் கீழே அனுப்புகிறோமோ என்று உறுத்தியது.

திரும்பும்போது வீட்டுக்காரம்மா கார் ஓட்டினாள். பாதி வழியில் மச்சான் பின் இருக்கையிலிருந்து கேட்டான்.

"ஏன் மாமா இறக்குனீங்க?"

"தெரியலடா."

"நான் உங்களுத ஒழுங்கா இறக்கத்தான் பாத்தேனா மாமா? யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். எனக்கும் தெரியல."

கண்ணாடிக்கடைக்காரர் மடியில் கிடந்த சிவப்பு வாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபம் வர வேண்டிய இடம் இதுதான் என்று அவருக்கும் பட்டது. வரவில்லை.

"பசை டப்பா என்னுது," என்றார். "அத மட்டும் நான் எடுத்துக்கறேன்."