புல்லின் மேல் நிறுத்திய வேன்

வேன்காரருக்குக் காட்டு வாசலில் ஒரு தலைவலி உண்டு. அது வேறு யாருமில்லை, அவருடைய சொந்தக் கொழுந்தியாள்தான். ஆறு வருடமாக அந்த அரசாங்கக் காட்டில் காவலர் வேலை பார்க்கிறாள். வீட்டில் "மாமா, மாமா" என்று வாய் நிறையக் கூப்பிடுபவள், சீருடையை மாட்டிக்கொண்டால் ஆளே மாறிவிடுவாள்.

மழையைக் கண்ணால் பார்த்து நாலு மாதமாகியிருந்தது. அன்று காலை ஒரு அலுவலகத்து ஆட்கள் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார் வேன்காரர். அவள் வாசலில் ஒவ்வொருவரிடமும் நின்று தீப்பெட்டியும் லைட்டரும் வாங்கி வைத்தாள்.

"சிகரெட் இல்லாம எனக்குக் கை காலே ஓடாதும்மா" என்றார் ஒரு அதிகாரி.

"நடந்தா ஓடும் சார்" என்றாள், சிரிக்காமல்.

பிறகு வேனுக்கு அடியில் தலையை விட்டு, சைலன்சரில் சிக்கியிருந்த காய்ந்த புல்லை உருவி எறிந்தாள்.

"மண்தரையில மட்டும் நிறுத்துங்க மாமா. சைலன்சர் சூடே போதும், புல்லு பத்திக்கும்."

"இருபது வருஷமா வண்டி ஓட்டறேன். எனக்கேவா?" என்று கியரைப் போட்டார் அவர்.

ஓடைக்கரையில் நிறுத்துமிடம் வெறும் பொட்டல். வெயில் மண்டையைப் பிளந்தது. சற்றுத் தள்ளி ஒரு பெரிய மரம், அடியில் முழங்கால் உயரப் புல். வண்டியில் வந்தவர்களும் நிழல், நிழல் என்று நச்சரித்தார்கள். வேனை மரத்தடிப் புல்லிலேயே ஓரங்கட்டினார். அவர்கள் ஓடைக்குப் போனதும் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடினார்.

புகை நெடி மூக்கில் ஏறித்தான் விழித்தார். குதித்து இறங்கிப் பார்த்தால், வேனுக்கு அடியில் புல் எரிந்துகொண்டிருந்தது. "தீ, தீ" என்று கத்தினார்.

ரோந்து வந்த அவளுடைய பைக் சத்தம் அப்போது கேட்டது.

"வண்டிய எடுங்க மாமா! மொதல்ல வண்டிய எடுங்க!"

அவர் வேனைப் பொட்டலுக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பி ஓடிவந்தார். அவள் தீயின் பக்கமே போகாமல், காற்று வீசும் திசையில் முன்னால் ஓடி, பைக்கில் கட்டியிருந்த இரும்புப் பல் வாரியால் சருகையும் புல்லையும் தரை தெரியுமளவு வழித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். தீ அந்த மண் கோடு வரை வந்தது, திக்கித் திணறி நின்றது. அதற்குள் வேன்காரர் பச்சைக் கிளையை ஒடித்து அடித்தார். அதிகாரி உட்பட அத்தனை பேரும் பாட்டிலிலும் தொப்பியிலும் ஓடைத் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அரைமணியில் அடங்கிவிட்டது. எரிந்தது இரண்டு அறை அளவு இடம்தான்.

"அப்பாடா, முடிஞ்சுது" என்றார் அவர்.

"இனிமேதான் மாமா வேலையே."

சாம்பலில் மண்டியிட்டு, புறங்கையால் தரையைச் சாண் சாணாகத் தடவிப் பார்த்தாள். சூடு தட்டிய இடத்தில் தோண்டினாள். ஒரு வேர் உள்ளுக்குள் கங்காகக் கனன்றது.

"இத விட்டுட்டுப் போனா, வேர் வழியாவே ஊர்ந்து போய் நாளைக்கு வேற எடத்துல எட்டிப் பாக்கும்."

தண்ணீர் ஊற்றிக் கிளறினாள். மறுபடி ஊற்றினாள், மறுபடி தடவினாள். இரண்டு மணி நேரம் அவள் நிமிரவே இல்லை. பார்த்துக்கொண்டே நின்றவருக்கு, 'இந்த வேலையையா நாம கேட்டைத் திறந்து விடற உத்தியோகம்னு கேலி பண்ணினோம்' என்று உள்ளுக்குள் கூசியது.

கடைசியில் நோட்டை எடுத்து வேன் நம்பரை எழுதினாள். "மழை வர்ற வரைக்கும் இந்த வண்டி உள்ள வர முடியாது மாமா. எழுதிட்டேன்."

அவர் முகத்தைப் பார்க்காமல் நோட்டை மூடினாள். அவர் தலையாட்டினார்.

வீட்டில் அவர் மனைவிதான் கொதித்தாள். "சொந்த மாமான்னுகூடப் பாக்கலையா அவ? இப்பவே கேக்கறேன்" என்று போனை எடுத்தாள்.

அவர் போனை வாங்கி வைத்தார். "ஒண்ணும் கேக்காத. தப்பு என்னோடது. என்னை எழுதாம விட்டிருந்தா, நாளைக்கு அவ வேற யாரை எழுத முடியும்? மூஞ்சில அனலடிக்க அவ நின்ன நிலையை நீ பாக்கல. பதிமூணு பேர் நாங்க கத்திட்டு இருந்தோம். அவ ஒருத்தி யோசிச்சிட்டு இருந்தா."

மனைவி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அடி கிடி பட்டுச்சா அவளுக்கு?"

"புறங்கை பூரா கொப்புளம்."

அவள் எழுந்து அலமாரியில் தீப்புண் களிம்பைத் தேடி எடுத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "என்ன பாத்துட்டு உக்காந்திருக்கீங்க? கிளம்புங்க" என்றாள்.